குழந்தையோடு மலாவிக்கு: டிசம்பரில் வேண்டாம், ஜூனில் போங்கள்

கேள்வி: எங்கள் மகளுக்கு 5 மாதம் முடிந்திருக்கிறது. என் கணவருக்கு மலாவி நாட்டில், ஏரிக்கரையில் பண்டாவேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 3 வருட மிஷனரி ஊழியம் கிடைத்திருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் மூன்று பேரும் கிளம்ப வேண்டும் என்கிறார்கள். "பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் போய்ட்டு வாங்க" என்கிறார் மாமியார். "அந்த ஊர்ப் பிள்ளைகள் வளரவில்லையா? ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார் கணவர். எனக்கு இரண்டு பேச்சும் ஒப்பவில்லை. மலேரியா பயம் ஒரு பக்கம். பாஷை தெரியாத ஊரில் பகல் முழுக்கக் கைக்குழந்தையோடு தனியாக இருக்க வேண்டுமே என்கிற பயம் இன்னொரு பக்கம். என்ன செய்யட்டும், டாக்டர்?
ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் பார்க்கலாம். பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டாம். டிசம்பரில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். உங்கள் கணவர் முன்னால் போகட்டும். நீங்களும் மகளும் ஜூன் மாதம் போங்கள். அந்த ஆறு மாதத்தில் அவர் அங்கே செய்து வைக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவை நடந்திருந்தால் மட்டும் போங்கள்.

ஏன் ஜூன்? மலாவியில் மழை நவம்பர் வாக்கில் பிடித்து ஏப்ரல் வரை நீளும். மலேரியா உச்சத்தில் இருப்பது அந்த மாதங்களிலும் அதை ஒட்டிய வாரங்களிலும்தான். ஏரிக்கரையில் கொசு வருடம் முழுக்க உண்டு என்றாலும், மே கடைசியில் குளிர் தொடங்கியபின் நிலைமை கொஞ்சம் தணியும், மண் சாலைகளும் காய்ந்துவிடும். டிசம்பரில் போனால், வீடு இன்னும் சரியாக அமையாத முதல் வாரங்களும், கொசு பெருகும் மாதங்களும், மகள் தாய்ப்பாலோடு வேறு உணவுக்குப் பழகும் பருவமும் ஒரே நேரத்தில் வந்து விழும். ஜூனில் அவளுக்கு ஒரு வயது நெருங்கியிருக்கும். 9 மாதத்துத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முடிந்திருக்கும், எடையும் கூடியிருக்கும். காய்ச்சல் வந்தால் தாங்குவதற்கு எடை முக்கியம்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார், ஆனால் அதில் ஒரு மருத்துவப் பிழை இருக்கிறது. அந்த ஊர்த் தாய்மார்கள் சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியாவுக்கு ஆளானவர்கள். அவர்கள் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. அதில் ஒரு பங்கு கர்ப்பத்திலேயே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து, முதல் சில மாதங்களுக்குத் துணை நிற்கிறது. உங்களிடம் அது இல்லாததால் மகளுக்கு நீங்கள் கொடுக்கவும் முடிந்திருக்காது. அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. பழக்கமில்லாத குழந்தையை ஒரே நாளில் ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோகக் கூடியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமே வளர்ந்துவிடுவதும் இல்லை. அந்த ஏரிக்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். பிப்ரவரி, மார்ச்சில் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் படுத்திருப்பார்கள். ரத்தம் ஏற்றக் கிடைக்குமா என்பதுதான் அப்போது எங்கள் தினசரிப் பேச்சு.

விசுவாசத்தைப் பற்றி நான் பேச வரவில்லை, அது என் வேலையும் இல்லை. ஆனால் அவர் போகிற அதே பண்டாவேயின் கதையை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த லிவிங்ஸ்டோனியா மிஷன் 1875இல் ஏரியின் தென்முனையில் கேப் மெக்ளியரில் தொடங்கியது. காய்ச்சலில் ஆட்கள் சாகச் சாக, 1881இல் பண்டாவேக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே கதைதான். இரண்டு இடங்களிலும் மிஷனரிகளின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 1894இல் டாக்டர் ராபர்ட் லாஸ் மலைமேல் உள்ள கொண்டோவேக்கு இடம் பார்த்தார், மிஷன் அங்கே நிலைத்தது. அதற்கும் முன்னால், மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் மகள் எலிசபெத், 1850இல் ஆப்பிரிக்காவில் பிறந்து சில வாரங்களிலேயே இறந்துபோனாள். மனைவி மேரி 1862இல் ஜாம்பேசிக் கரையில் ஷுபாங்காவில் காய்ச்சலில் இறந்தார். இவர்கள் யாரும் ஜெபிக்காதவர்கள் இல்லையே! காய்ச்சலுக்குப் பயந்து இடம் மாற்றிய லாஸை யாரும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொன்னதும் இல்லை. ஆறு மாதம் தள்ளிப் போவது அதைவிடச் சின்ன விஷயம்.

சரி, அந்த ஆறு மாதத்தில் அவர் என்ன செய்ய வேண்டும்? முதல் வேலை, உங்கள் வீட்டிலிருந்து மலேரியா பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாமல், மழைக்காலத்து ராத்திரி 2 மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் சின்டேச்சேயில் கிராமப்புற மருத்துவமனை ஒன்று உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் முசூசு நகரத்துக்குப் போக வேண்டும், அது மலையேறிப் போகும் பாதை. அங்கே வண்டி யாருடையது, ஓட்டுபவர் எங்கே தூங்குகிறார், பெட்ரோல் இருக்கிறதா என்பதெல்லாம் பார்த்து வைக்க வேண்டியவை. மலாவியில் பெட்ரோல் தட்டுப்பாடு அடிக்கடி வரும். பங்கில் நாள் கணக்கில் வரிசை நிற்கும். மிஷன் வளாகத்தில், வீட்டிலிருந்து தள்ளி, பூட்டிய இடத்தில் ஒரு கேன் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

நான் பார்த்த வரையில் ஊழியக் குடும்பங்களுக்குச் சிக்கல் வந்த இடம் பெரும்பாலும் இதுதான்: வீட்டுக்கு ஒரே வண்டி, அதை எடுத்துக்கொண்டு கணவர் மூன்று நாள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் அன்றைக்குத்தான் வரும். ஆகவே அவர் ஊரில் இல்லாத இரவில் யாரைக் கூப்பிடுவது என்று இரண்டு பெயர்களும் இரண்டு ஃபோன் நம்பர்களும் உங்களிடம் இருக்க வேண்டும். அந்த இருவருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஏர்டெல், டிஎன்எம் என்று இரண்டு செல்ஃபோன் கம்பெனிகள் உண்டு. எது உங்கள் வீட்டுக்குள் எடுக்கிறது என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு சிம்மும் இருக்கட்டும்.

இன்னொருவரையும் அவர் தேடிப் பிடிக்க வேண்டும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரை அங்கே எச்எஸ்ஏ என்பார்கள். தூரத்துக் கிராமங்களில் இவர்களே 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்து மலேரியா பார்த்து மருந்து தருகிறார்கள். உங்கள் கிராமத்து எச்எஸ்ஏ யார், அவர் அதே ஊரில் குடியிருக்கிறாரா, பரிசோதனைக் கிட்டும் மருந்தும் கையிருப்பில் உள்ளனவா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காக்க ஆசனவாயில் வைக்கும் ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்து இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அவர் வீட்டுக்கு ஒரு மரியாதை நிமித்தம் போய் வாருங்கள். ஊர்த் தலைவரை அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, ஜன்னல்களுக்கும் காற்றுத் துவாரங்களுக்கும் வலை அடிக்க வேண்டும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பலரும் மறந்துவிடுவார்கள், கொசு உள்ளே வருவது அந்த வழியாகத்தான். மூன்று பேரும் மருந்து தோய்த்த வலைக்குள் படுங்கள். விளிம்பை மெத்தைக்கு அடியில் சொருக வேண்டும். நம் ஊர் டெங்குக் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு இருட்டிய பின்னாலிருந்து விடியும் வரை கடிப்பது. மாலை ஜெபக் கூட்டங்களுக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது கையும் காலும் மூடிய உடுப்புப் போட்டு, டீட் கலந்த கொசுவிரட்டிப் பூச்சைத் துணி மூடாத இடத்தில் தடவுங்கள். பிஞ்சு விரல்களில் வேண்டாம், வாய்க்குப் போய்விடும்.

தடுப்பு மாத்திரை கட்டாயம். நீங்கள் சாப்பிட்டால் தாய்ப்பால் வழியே பிள்ளைக்கும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகும் அளவு போதாது, அவளுக்குத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை மெஃப்ளோக்வின், அல்லது தினமும் அட்டோவாக்வோன்-புரோகுவானில். இரண்டும் 5 கிலோவுக்கு மேல் எடை பார்த்துத் தரக் கூடியவை. எது, எவ்வளவு என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எடை ஏற ஏற அளவும் மாறும். கசப்பு மருந்து என்பதால் நொறுக்கிப் பழக்கூழில் கலந்து கொடுங்கள். நம் ஊரில் பழகிய குளோரோகுவினை நம்ப வேண்டாம். மலேரியாவுக்கு அதைக் கொடுப்பதை மலாவி 1993லேயே நிறுத்திவிட்டது. சில வருடங்கள் அங்கே இருந்தவர்கள் 'நமக்குப் பழகிவிட்டது' என்று மாத்திரையை விட்டுவிடுவது சகஜம். பெரியவர்கள் விட்டால் அது அவர்கள் பாடு. பிள்ளைக்கு விடாதீர்கள்.

மலேரியாத் தடுப்பூசியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகத்திலேயே முதல் நாடாக 2019 ஏப்ரலில் வழக்கமான தடுப்பூசிகளோடு அதைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது மலாவிதான். 5 மாதத்திலிருந்து தொடங்கும் 4 தவணைகள். அங்கே குடியிருக்கப் போகிற குழந்தை என்பதால் உங்கள் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். போட்டால் நல்லது. ஆனால் அது பாதிக் காவல்தான், வலையையும் மாத்திரையையும் அதற்காக விடக் கூடாது.

அப்புறம் காய்ச்சல். இதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ் காட்டினால் அன்றைக்கே மலேரியா பரிசோதனை. பல் முளைக்கிறது, சளி பிடித்திருக்கிறது, நாளை காலையில் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். இருக்கிறது என்று வந்தால் அங்கே எல்லாரும் எல்ஏ என்று சொல்கிற ஆர்ட்டிமீதர்-லுமிஃபான்ட்ரின் தருவார்கள். 3 நாளைக்கு 6 வேளை. பால் குடித்தவுடன் கொடுத்தால் நன்றாகச் சேரும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும். பால் குடிக்கவில்லை, எல்லாவற்றையும் கக்குகிறாள், வலிப்பு வந்தது, எழுப்பினால் எழவில்லை, உள்ளங்கை வெளுத்திருக்கிறது என்றால், இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு வீட்டில் உட்காரக் கூடாது. ஆர்ட்டிசுனேட் ஊசியும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் நிமோனியாவாகவும் இருக்கலாம். தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் 50க்கு மேல், ஒரு வயதைத் தாண்டினால் 40க்கு மேல் போனால் அது ஆபத்து. பரிசோதனைக் கிட் ஒரு பெட்டியும் ஒரு முழுக் கோர்ஸ் எல்ஏயும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றை உபயோகிக்கப் பழகிக்கொண்டு போங்கள்.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் அட்டவணைப்படி எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. போலியோ முக்கியம்: 2022 பிப்ரவரியில் தலைநகர் லிலோங்வேயில் ஒரு குழந்தைக்குப் போலியோ உறுதியானது. டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளைக் கிளம்பும் முன் போட்டுவிடலாம். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியையும் கேளுங்கள். நடக்கத் தொடங்கும் பிள்ளை நாய் நக்கினாலோ கீறினாலோ வந்து சொல்லாது. மலாவியில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் விமானம் அடிஸ் அபாபா வழியாகப் போனால் எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. போகும்போதும் திரும்பி வரும்போதும் சான்றிதழ் கேட்கிறார்களா என்று விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். இதிலும் ஜூன்தான் வசதி. 6 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு அந்த ஊசி கூடவே கூடாது, 9 மாதம் முடிந்தால்தான் வழக்கமாகப் போடுவோம். 9 மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் முடிந்தவரை தவிர்ப்போம். பால் வழியே வைரஸ் குழந்தைக்குப் போன சம்பவம் பிரேசிலில் நடந்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் பலர் குடிக்கிற தண்ணீரை மட்டும் கொதிக்க வைப்பார்கள். 2022இல் தொடங்கிய காலராவில் மலாவியில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே காய்ச்சிய தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், துத்தநாக மாத்திரை மூன்றும் வீட்டில் எப்போதும் வேண்டும். ஆனால் ஏரிக்கு இன்னொரு குணம் உண்டு. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீரில் பில்ஹார்சியாப் புழு தோல் வழியே உள்ளே போய்விடும். பிள்ளையை ஏரியில் இறக்காதீர்கள். ஏரித் தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டியிருந்தால் காய்ச்சி ஆற வையுங்கள், அல்லது மூடிய தொட்டியில் இரண்டு நாள் விட்டு எடுங்கள். ஒரு வகை ஈ, வெளியே காயும் ஈரத்துணியில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். ஆகவே குழந்தையின் உடுப்பு, நாப்கின், பெட்ஷீட் எல்லாவற்றையும், இடுப்புப் பட்டி வரை விடாமல் சூடாக இஸ்திரி போட வேண்டும். கரண்ட் இருக்காது. கரிப் பெட்டிதான். தவழும் பிள்ளை வந்தால் சுடும், ஜாக்கிரதை.

சாப்பாட்டில் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நல்லது. மலாவி துவரையை விளைவித்து இந்தியாவுக்கே ஏற்றுமதி செய்கிறது. கேழ்வரகும் உண்டு. கீரை, பூசணி, நிலக்கடலை, வாழை, மாம்பழம், முட்டை எல்லாம் சந்தையில் வரும். உங்கள் கரையில் மரவள்ளி மாவில் கிண்டும் சிமாதான் முக்கிய உணவு. வயிறு நிறையும், ஆனால் புரதம் மிகக் குறைவு. அதை மட்டும் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள்தான் கால் வீங்கி எங்கள் வார்டுக்கு வந்தார்கள். பருப்பு, முட்டை, பொடித்த நெத்திலி போன்ற உசிபா மீன் ஏதாவது ஒன்று தினமும் சேருங்கள். பூஞ்சை பிடித்த கடலை வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயது வரை விடாதீர்கள்.

இனி நீங்கள் கடைசியில் எழுதிய பயம். பகல் முழுக்கத் தனியாக இருப்பேன் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஏரிக்கரைக் கிராமத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைத் தனியாக இருக்க விடமாட்டார்கள். முதல் வாரமே உங்கள் மகள் யாரோ ஒரு பாட்டியின் முதுகில், சிட்டெஞ்சே துணியில் கட்டப்பட்டு, நீங்கள் பார்க்காத ஒரு தெருவில் போய்க்கொண்டிருப்பாள். உங்கள் பெயர் பலருக்கும் தெரியாது, இன்னாரின் அம்மா என்றே கூப்பிடுவார்கள். இதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களும் இரண்டு சிட்டெஞ்சே வாங்கி முதுகில் கட்டிப் பழகுங்கள். பாஷையும் அங்கேதான் வரும்.

ஆனால் மூன்று விஷயத்தில் சிரித்துக்கொண்டே மறுக்க வேண்டும். இருமல் உள்ளவர் கையில் குழந்தை வேண்டாம். வேர் ஊறிய தண்ணீரும் சப்பிக் கொடுக்கும் சோறும் வேண்டாம். அன்பினால்கூட இன்னொரு பெண் பால் கொடுக்க வேண்டாம், எச்ஐவி அதிகமுள்ள நாடு அது. கழுத்திலோ இடுப்பிலோ காப்புக் கயிறு கட்ட வந்தால் என்ன செய்வது என்பது உங்கள் சபை விஷயம், நான் தலையிடவில்லை. நம் பாட்டிகளும் அரைஞாண் கட்டியவர்கள்தானே என்று மட்டும் சொல்வேன். கழுத்தில் இறுக்கமாக எதுவும் இருக்கக் கூடாது.

கூட்டம் இருந்தாலும் தனிமை வரும், அதையும் மறைக்க மாட்டேன். தமிழில் அலுத்துக்கொள்ள ஆள் இல்லாத தனிமை அது. கணவருக்கு ஊரெல்லாம் வேலை இருக்கும். உங்களுக்கு அடுப்பும் நாப்கினும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் குழந்தையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், அழுகை நிற்காமல், பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் இருந்தால் அது பலவீனம் அல்ல, நோய். அனுப்புகிற மிஷனிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: குழந்தையின் உடல்நலத்துக்காகவோ தாயின் உடல்நலத்துக்காகவோ நீங்கள் ஊர் திரும்ப வேண்டும் என்றால், கேள்வி கேட்காமல் டிக்கெட் எடுத்துத் தர வேண்டும். அவசர நேரத்தில் விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் மருத்துவக் காப்பீடும் மூவருக்கும் வேண்டும். இந்த இரண்டையும் தர மறுக்கிற மிஷனோடு கைக்குழந்தையைக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அத்தையிடம், அவர் பயப்படுவது சரி என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் பால் குடிக்கும் பிள்ளையைத் தாயிடமிருந்து 3 வருடம் பிரிப்பது தீர்வு இல்லை. அடுத்த ஆறு மாதம் பேத்தி அவரோடுதான் இருக்கப் போகிறாள். அதைக் கேட்டால் பாதிக் கோபம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

இந்த 3 வருடத்துக்குள் இன்னொரு குழந்தை பற்றி யோசித்தால் முன்னதாகவே எனக்கு எழுதுங்கள். கர்ப்ப காலத்தில் மலேரியா இன்னும் மோசமானது, திட்டமே வேறு. விடுமுறைக்குத் திருநெல்வேலி வரும்போது மெஃப்ளோக்வின் என்றால் வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குள் மூவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்பதற்கு முன்பே "மலாவியிலிருந்து வந்திருக்கிறோம், ஃபால்சிபாரம் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.